மீட்டரில் 7 காட்டினால் பயப்பட வேண்டாம்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 66 வயது. காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். ஜூன் மாதம் லண்டனில் மகள் வீட்டுக்கு ஒரு மாதம் போகிறோம். மருந்தைக் கெடாமல் எப்படிக் கொண்டுபோவது? இல்லை, அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நானும் 19 வருஷமாக ஊசிக்காரிதான். அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். அங்கத்திய டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் கேட்க முடியாது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வம்பு சிரிஞ்சில் இருக்கிறது. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. அங்கே 100 யூனிட், ஆரஞ்சு மூடி. அங்கத்திய மருந்தை நம் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட்! நம் மருந்தை அவர்கள் சிரிஞ்சில் இழுத்தால் வெறும் 4. அதனால் மருந்து, சிரிஞ்சு இரண்டையுமே தேவைக்கு இரண்டு மடங்காக இங்கிருந்தே எடுத்துப்போங்கள்.

எல்லாம் கைப்பையில்தான். பெட்டியில் போட்டு அனுப்பினால், சரக்கு வைக்கும் இடத்தின் குளிரில் உறைந்துவிடலாம். உறைந்த இன்சுலின் உருகினாலும் குப்பைக்குத்தான். உங்கள் பையில் பாதி, அவர் பையில் பாதி வையுங்கள். டாக்டர் கடிதம் ஆங்கிலத்தில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில் இருக்கட்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை வியாதியை மறைக்காதீர்கள்.

அப்புறம் சர்க்கரை பார்க்கும் மீட்டர். உங்களுடையதையே கொண்டுபோங்கள். சிங்கப்பூரில் தம்பி வீட்டில் அவன் மீட்டரில் பார்த்தபோது எனக்கு 6.8 காட்டியது. சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டதென்று பதறிப்போய் அவன் மனைவி சர்க்கரைத் தண்ணீர் கலக்க ஓடினாள். அங்கே கணக்கே வேறு. நம் ஊர் அளவு தெரிய 18-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் 122. லண்டனிலும் இதே கணக்குதான்.

ஜூனில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். போகிற நாள் 28½ மணி நேரம் நீளும். அந்த ஒரு நாளுக்கு ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று அவருடைய டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இறங்கும்வரை கைக்கடிகாரம் நம் ஊர் நேரத்திலேயே ஓடட்டும்.

விமானத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை அவர் செய்ய வேண்டாம். சாப்பாட்டு வண்டி மூன்று வரிசை தள்ளி வந்துவிட்டதே என்று ஊசியைப் போட்டுக்கொண்டேன். உடனே விமானம் குலுங்கியது. வண்டி திரும்பிப் போய்விட்டது. முக்கால் மணி நேரம்! எனக்குச் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. குளுக்கோஸ் பாக்கெட் தலைக்கு மேலே பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பக்கத்து சீட்டுப் பையன் கொடுத்த ஆரஞ்சு ஜூஸில்தான் பிழைத்தேன். தட்டு முன்னால் வந்த பிறகு ஊசி. குளுக்கோஸ் சட்டைப் பையில். கடலைமிட்டாய் இருக்கிறதே என்பார், விடாதீர்கள். கடலையில் உள்ள எண்ணெயால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்.