வால்வில் கிருமித்தொற்று, எக்கோ, பெட் ஸ்கேன்: கேள்வி பதில்

தஞ்சாவூரில் இதய மருத்துவராக இருக்கிறேன். வால்வுத் தொற்றுக்கு ஊசி மருந்தில் இருப்பவர்களின் வீட்டார் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (மன்னார்குடி): டாக்டர், அப்பாவுக்கு மைட்ரல் வால்வில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) 11 மில்லிமீட்டர் வெஜிடேஷன் இருந்தது. மூன்று வாரம் ஊசி போட்டும் 9 இருக்கிறதாம். மருந்து கேட்கவில்லையா?

அளவை விடுங்கள், காய்ச்சல் விட்டதா, ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி வளர்வது நின்றதா, அதைச் சொல்லுங்கள். வெஜிடேஷன் என்பது கிருமியும் ரத்தத் தட்டணுவும் ஃபைப்ரின் என்னும் ரத்த உறைவு நாரும் திரண்டு வால்வில் ஒட்டி ஆடுவது. கிருமி செத்த பிறகும் அந்தத் திரள் தழும்பு மாதிரி இறுகி மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கலாம், அதற்காக மட்டும் ஊசியை நீட்டிப்பதில்லை. எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிப்பது) எடுக்கும் கருவியை விலா இடுக்கில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறிவிடும், ஆகவே 11 ஒன்பதானதில் பெரிய சந்தோஷமும் வேண்டாம். நான் தேடுவது வேறு: கசிவு கூடியிருக்கிறதா, வால்வு இதழில் ஓட்டை விழுந்திருக்கிறதா, பக்கத்தில் சீழ் கட்டியிருக்கிறதா, இடது கீழறை பெருத்திருக்கிறதா. மருந்து போகும்போதே திரள் பெருத்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசியாக வேண்டும். திரள் பிய்ந்து மூளைக்குப் போகும் ஆபத்து முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம், அதை அப்பா தாண்டிவிட்டார்.

கேள்வி (கும்பகோணம்): நெஞ்சில் வைத்து எடுத்த எக்கோ நார்மல். அப்புறம் எதற்கு அம்மாவைக் குழாய் விழுங்கச் சொல்கிறார்கள்?

உணவுக்குழாய் இதயத்தின் முதுகோடு ஒட்டிப் போகிறது. குழாய் நுனியில் இருக்கும் எக்கோ கருவியால் அங்கிருந்து பார்த்தால் விலாவும் நுரையீரலும் குறுக்கே வராது, வெளியிலிருந்து சிக்காத சின்னத் திரளும் தெரியும். அதிலும் இல்லை என்று வந்து சந்தேகம் மட்டும் தீரவில்லையென்றால் 5 முதல் 7 நாளில் திரும்ப எடுப்போம். ஸ்ப்ரே அடித்ததும் தொண்டை மரத்து எச்சில் விழுங்க முடியாத மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். வெளியே வந்ததும் டிகிரி காபி கேட்பார். மரப்பு போகிறவரை கொடுக்காதீர்கள், புரையேறும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): எனக்கு மெட்டல் வால்வு. அதில் தொற்றா என்று பார்க்கும் பெட் ஸ்கேனுக்கு முதல் நாள் சோறே கூடாதாமே?

கூடாது. பெட்டில் செலுத்துவது கதிரியக்கம் ஏற்றிய ஒருவகைச் சர்க்கரை. அழற்சி உள்ள இடம் அதை இழுக்கும், இதயத் தசையும் இழுக்கும். மாவுச்சத்தை நிறுத்தி, கொழுப்புச் சாப்பாடு கொடுத்து, பட்டினி போட்டால்தான் தசை சர்க்கரையை விட்டுக் கொழுப்புக்கு மாறும். இல்லையென்றால் இதயம் முழுக்க எரிகிற மாதிரிப் படம் வரும், செலவு வீண். டெல்டாக்காரரிடம் சோறு, இட்லி, கஞ்சி எதுவும் வேண்டாம் என்பது கொடுமைதான், முட்டை மீனோடு ஒரு நாள் ஓட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மருந்தை நீங்களாக மாற்றாதீர்கள். வால்வு வைத்து 3 மாதம் ஆகவில்லை என்றாலும் சொல்லிவிடுங்கள், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும் ஒளிரும்.

கேள்வி (சீர்காழி): தம்பிக்கு அயோர்ட்டிக் வால்வில் (இதயத்திலிருந்து பெரிய ரத்தக்குழாய் கிளம்பும் இடத்தில் இருப்பது) தொற்று. தினமும் ஈசிஜி எதற்கு?

அந்த வால்வை ஒட்டித்தான் இதயத்தின் மின்பாதை போகிறது. சீழ் பரவினால் ஈசிஜியில் பிஆர் இடைவெளி, அதாவது மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போக ஆகும் நேரம், நீளும். நீண்டால் உடனே குழாய் எக்கோ, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன்.

கேள்வி (பாபநாசம்): ஆறு வார ஊசி முடிந்தது. இனி?

முடிந்ததும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள், பின்னால் ஒப்பிட அதுதான் அடிப்படை. பிறகு முதல் வருடத்தில் 1, 3, 6, 12-ஆம் மாதங்களில் பார்ப்பது வழக்கம். பழைய ரிப்போர்ட்டோடு வீடியோவையும் கொண்டு வாருங்கள். நடுவில் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாமல் நேரே வாருங்கள், மாத்திரை உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகலாம்.