டயரை அளந்தீர்களா?

அன்புள்ள ஐயா,

என் 150 சிசி பைக்கில் ஃப்ரண்ட் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் முன் பல்சக்கரத்தை) 14 பல்லிலிருந்து 15-க்கு மாற்றினேன். பின்னால் 42. கியர் விகிதம் ப்ரைமரியில் (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில்) 3.35, டாப் கியரில் 0.92, பின் டயர் 100/90-17. 9000 ஆர்பிஎம்முக்கு (இன்ஜின் நிமிடத்துக்கு 9000 சுற்று) கணக்குப் போட்டால் 120 கிமீ வருகிறது. ஜிபிஎஸ்ஸில் 105-ஐத் தாண்டவில்லை. செயினில் வேகம் தொலைகிறதா? 116 லிங்க்கையும் கணக்கில் சேர்க்கணுமா?

கே.

அன்புள்ள கே.,

பல்லை எண்ணி, மேனுவலைப் புரட்டிக் கேட்டிருக்கிறீர்கள், மனசு நிறைந்தது. லிங்க்கை விடுங்கள். எத்தனை இருந்தாலும் ஒரு பல்லுக்கு ஒரு லிங்க்தான் நகரும். செயின் தொங்கினால் சத்தம் வரும், பல் தேயும், கணக்கு மாறாது.

பெருக்கலும் சரி. 3.35 × 0.92 × 42/15 = 8.63. இன்ஜின் 8.63 சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆனால் சக்கரச் சுற்றளவு 1922 மில்லிமீட்டர் என்று யார் சொன்னது? டயரில் அச்சடித்த எண்ணை வைத்து, 17 அங்குலத்தோடு இரண்டு 90 மில்லிமீட்டரைக் கூட்டி, வட்டக் கணக்கின் பையால் (3.14) பெருக்கியிருக்கிறீர்கள். அது கடையில் தொங்கும் டயர் ஐயா! ரோட்டில் ஓடுவது உங்களைச் சுமந்து அடியில் நசுங்கிய டயர்.

முதலில் காற்றைச் சரிபாருங்கள். பின் சக்கர வால்வு நேர் கீழே வரும்படி நிறுத்தி, தரையில் சாக்பீஸ் கோடு. வண்டியில் உட்கார்ந்தபடியே, நண்பரைத் தள்ளச் சொல்லி, நேராக மூன்று சுற்று உருட்டுங்கள். வால்வு மறுபடி கீழே வந்ததும் இன்னொரு கோடு. இடைவெளியை மூன்றால் வகுங்கள். ஒரே சுற்றில் நிறுத்தினால் கோட்டில் விழும் ஒரு சென்டிமீட்டர் பிசகு முழுசாக வந்து உட்காரும். மூன்றில் அது மூன்றிலொரு பங்காகிவிடும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு டயரில் நூல் சுற்றி அளந்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். ஆள் ஏறாத அளவு அளவே இல்லை. 1880 வந்தது என்று வையுங்கள்: 9000-க்கு 117.6 கிமீ.

மீதி 12 எங்கே என்பீர்கள். 15 பல் போட்டால் அதே ஆர்பிஎம்முக்கு வேகம் 7 சதவீதம் கூடும். அந்த வேகத்தில் காற்றைக் கிழிக்க 23 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். ஸ்ப்ராக்கெட் சக்தி தராது.

இவ்வளவு எழுதியவர், 105-ல் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் என்ன காட்டியது என்று எழுதவில்லையே! 8000-ஐ ஒட்டி நின்றிருந்தால் வண்டியில் கோளாறில்லை. இன்ஜினுக்கு அவ்வளவுதான் மூச்சு, 14-ஐயே திரும்பப் போடுங்கள். 9000 காட்டிக்கொண்டே 105-ல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் கேபிளில் ப்ளே (கொஞ்சம் தளர்வு) இருக்கிறதா பாருங்கள். இருந்தும் வழுக்கினால் கிளட்சைப் பிரித்து ப்ளேட், ஸ்பிரிங் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.