எங்கே ஒளிந்திருந்தது கல்குருவி?

கேள்வி: அழிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஜெர்டன் கல்குருவி, 86 ஆண்டுகள் கழித்து ஆந்திரத்தில் மீண்டும் கிடைத்ததாமே? இத்தனை காலம் எங்கே ஒளிந்திருந்தது? இனியும் 'அழிவு, அழிவு' என்று அறிஞர்கள் போடும் கூச்சலை நம்ப வேண்டுமா?

பதில்: அது எங்கும் ஒளிந்திருக்கவில்லை; தேடியவர்கள்தாம் பகலில் தேடினார்கள். மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் வழியாக 1848-இல் அறிவியலுக்கு அறிமுகமாகி, 1900-இல் கடைசியாகக் கண்ணில் பட்ட இந்த இரட்டை மார்புப் பட்டைப் பறவை, இருட்டிய பிறகே வெளியே வரும் என்பது பறவையியலாளர்கள் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் கடப்பா மாவட்டத்துப் புதர்க்காட்டை ஒட்டிய ஊர்களில் அதற்குக் 'கலிவி கோடி' என்று பெயரே இருந்தது. கலிவி என்பது நம் களாச்செடி, கோடி என்பது கோழி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் படத்தைக் காட்டி ஊராரிடம் விசாரித்த பிறகுதான், 1986 ஜனவரியில் வேடர் ஒருவர் இரவில் விளக்கு வெளிச்சத்தில் அதைப் பிடித்துவந்தார். (அந்தப் பறவை பிழைக்கவில்லை.) பெயர் சொல்லி அழைத்தவர்களை முன்பே கேட்காதது அறிஞர்களின் பிழைதான், அந்த அளவுக்கு உங்கள் குத்தலை ஏற்கிறேன்.

அதற்கு மேல் ஏற்பதற்கில்லை. கிடைத்தவை, முட்புதரும் வெற்றுத் தரையும் கலந்த சிறு நிலப்பரப்பில் எஞ்சியிருந்த சில பறவைகளே. புதர் அடர்ந்துவிட்டால் அதற்கு ஓட இடமில்லை, வெட்டிவிட்டால் மறைய இடமில்லை. ஆய்வாளர்கள் மாலையில் புதர்களுக்கிடையே மென்மண்ணைப் பட்டையாகப் பரப்பி, காலையில் அதில் மூவிரல் தடம் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதன் அருமையை ஊகிக்கலாம். அப்படிப்பட்ட இடத்திற்குள் தெலுங்கு கங்கைக் கால்வாய்க்காகப் புதர்களை அழித்துத் தோண்டினார்கள். எதிர்ப்புக்குப் பிறகே அதன் பாதை மாறியது. கால்வாயை வளைக்க வைத்ததும் நீங்கள் கூச்சல் என்கிற அதே குரல்தான்.

இன்னொன்று: 1986-இல் கிடைத்த பறவை பத்திரமாக இருந்துவிடவும் இல்லை. பல ஆண்டுகள் உறுதியான பதிவே இல்லாமல் மறுபடியும் தொலைந்துபோய், 2025 ஆகஸ்டில்தான் அதன் குரல் மீண்டும் பதிவானது. அதுவும் அதே கடப்பா மாவட்டத்தில்.