வீட்டு ஸ்பிரே பாலிஷை பைக்கில் அடிக்கலாமா?

கேள்வி: மேஜை, அலமாரி துடைக்க வாங்கி வைத்த ஸ்பிரே பாலிஷை பைக்கில் அடித்துப் பார்த்தேன். டேங்க் புதுசு போல மின்னுகிறது. கழுவுவதை விட்டுவிட்டு வாராவாரம் இதையே செய்யலாமா?

பதில்: பளபளப்பான பெயின்ட் என்றால் தாராளமாக அடிக்கலாம், ஆனால் கழுவுவதை விட்டுவிட முடியாது. அந்த டப்பாவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் கரைப்பான், சிலிக்கோன் எண்ணெய், சிலவற்றில் மெழுகு, எல்லாவற்றையும் வெளியே தள்ள ஒரு வாயு. சிலிக்கோன் மெல்லிய படலமாகப் படிந்து நுண்ணிய கீறல்களை மறைத்துவிடுவதால்தான் அந்த மினுமினுப்பு. விரல் ரேகை, லேசான தூசி எல்லாம் நன்றாகவே போகும். ஆனால் சேறும் மணலும் ஒட்டியிருக்கும்போது அடித்துத் தேய்த்தால், துணியில் சிக்கிய மணல்தான் பெயின்டை அரம் போல் ராவும். வெயிலில் டேங்கைச் சாய்வாகப் பாருங்கள், வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிந்தால் அது இப்படி வந்ததுதான். அதனால் முதலில் தண்ணீர், வண்டிக்கான ஷாம்பு, நன்றாகக் காயவிட்டு அப்புறம் பாலிஷ். இரண்டு கழுவலுக்கு நடுவே தூசி தட்ட மட்டும் ஸ்பிரே போதும்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். வண்டி மேல் நேராக அடிக்கவே அடிக்காதீர்கள், துணியில் அடித்துத் துடையுங்கள். முன் மட்கார்டில் அடிக்கிறோம் என்றுதான் நினைப்போம், ஆனால் அந்தச் சாரல் காற்றில் மிதந்து ஒரு சாண் தள்ளியிருக்கும் பிரேக் டிஸ்க்கில் போய் உட்காரும், கண்ணுக்கும் தெரியாது. அடுத்த முறை பிரேக் பிடிக்கும்போது பேட் வழுக்கும், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. டிஸ்க்கில் பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிட்டு, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதித்த பிறகுதான் சாலைக்குப் போக வேண்டும். பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் அதை மாற்றுவதுதான் சரி, உப்புத்தாளில் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்ஜின், சைலன்சர் சூடாக இருக்கும்போது டப்பாவைக் கையிலேயே எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு பெரும்பாலும் பியூட்டேன், புரோபேன் வகை, சட்டென்று தீப்பிடிக்கும்.

கேள்வி: சீட்டுக்கும் டயருக்கும் அடித்தால் கறுப்பு நன்றாக எடுக்குமே?

பதில்: எடுக்கும், கூடவே ஆளையும் வழுக்கிவிடும். சீட்டில் அடித்தால் பிரேக் பிடிக்கும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர் முன்னே சறுக்கி வருவார். டயர் ரோட்டில் படும் பகுதியில் துளி பட்டாலும் வளைவில் ஆபத்து. ஹேண்டில் கிரிப், ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் இவற்றுக்கும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: என் வண்டி மேட் கறுப்பு. அதற்கு?

பதில்: வேண்டாம். மேட் பெயின்டின் அழகே வெளிச்சத்தைச் சிதறவிடும் அந்தச் சொரசொரப்புதான், பாலிஷ் அதை நிரப்பினால் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பளபளக்கும். ஷாம்புத் தண்ணீரும் ஈரத் துணியும் போதும்.

கேள்வி: ஹெல்மெட் வைசரை இதால் துடைக்கலாமா? அடுத்த மாதம் டேங்குக்கு மறுபெயின்ட் வேறு அடிக்கப்போகிறேன்.

பதில்: வைசர் பாலிகார்பனேட், சில கரைப்பான்கள் பட்டால் அதில் மயிர்க்கோடுகளாக வெடிப்பு விழும், உள்பக்கம் பனி படியாத பூச்சு இருந்தால் அதுவும் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைசர் மேல் போட்டு வையுங்கள், காய்ந்த பூச்சிகள் ஊறித் தானாக வந்துவிடும், தேய்க்கவே வேண்டியதில்லை. மறுபெயின்ட் விஷயத்தில், இத்தனை நாள் சிலிக்கோன் பாலிஷ் போட்டதைப் பெயின்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உப்புத்தாள் போடுவதற்கு முன்பே அதைத் துடைத்து எடுக்காவிட்டால் புதுப் பெயின்ட் ஒட்டாமல் சின்னச் சின்னக் குழிகளாக விலகி நிற்கும், பிறகு அத்தனையையும் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.