கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி?

கேள்வி: பன்னிரண்டு வருடம் வாலிபால் ஆடினேன். முழங்காலில் இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் பிறகு இனி குதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயது 31. பழைய அணிக்கே கோச்சாக வரச் சொல்கிறார்கள். பத்து நாள் போய்ப் பார்த்தேன். பெண்கள் பந்தை விடும்போதெல்லாம் நானே இறங்கி எடுத்துவிடலாம் போலக் கை துடிக்கிறது. கத்திவிடுகிறேன். எனக்கு இது சரிப்படுமா?

பதில்: சரிப்படும். ஆனால் பத்து நாளில் தெரிகிற விஷயமில்லை.

சீனாவின் லாங் பிங்கை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ‘இரும்புச் சுத்தியல்’ என்று பெயரெடுத்த ஸ்பைக்கர், அதாவது எகிறிக் குதித்து வலைக்கு மேலே பந்தை ஓங்கி அடிப்பவர். 1984 ஒலிம்பிக் தங்கம். ஆட்டத்தை விட்டதும் அமெரிக்கா போய்ப் படித்தார், அங்கே பல்கலைக்கழக அணியில் உதவிக் கோச்சாக இருந்தார். 1996 ஒலிம்பிக்கில் அவர் கோச்சாக இருந்த சீன அணிக்கு வெள்ளி. 2008இல் அவர் கோச்சாக இருந்த அமெரிக்க அணிக்கு வெள்ளி, அதுவும் பெய்ஜிங்கிலேயே, லீக் சுற்றில் சீனாவைத் தோற்கடித்து! கோச்சாக ஒலிம்பிக் தங்கம் கிடைக்க 2016 ரியோ வரை ஆனது. அந்த ரியோ அணியும் குரூப்பில் மூன்று ஆட்டம் தோற்று, நாலாவது இடத்தில் தொற்றிக்கொண்டுதான் காலிறுதிக்கு வந்தது. அடுத்த டோக்கியோவில் குரூப்பையே தாண்டவில்லை.

நீங்களும் ஒரு சீசன் உதவிக் கோச்சாக இருக்கிறேன் என்று கேளுங்கள். நேற்றுவரை கூட ஆடியவர்களை இன்று அதட்டுவது இருவருக்குமே சங்கடம்.

ஆடுகிறவரின் கண் பந்தை விடாது. கோச்சின் கண் பந்து இல்லாத இடத்தில் இருக்கவேண்டும். நாளை ஒரே ஒரு பெண்ணின் பாதத்தை மட்டும் பாருங்கள். ஸ்பைக் அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்குகிறாளா, முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா? பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கவே பார்க்காதீர்கள். இந்தப் பாடத்துக்கு நீங்கள் கொடுத்த ஃபீஸ் இரண்டு ஆபரேஷன். வேறு யார் இதை இவ்வளவு அக்கறையாகச் சொல்லித்தருவார்கள்?

கத்தினால் என்ன ஆகும் தெரியுமா? அடுத்த சர்வ் வரும்போது அந்தப் பெண் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். பந்து இரண்டு பேருக்கு நடுவில் விழும். டைம் அவுட்டில் கிடைப்பது 30 விநாடி. அதில் பாதி மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் போய்விடும். “எதிரணி எட்டாம் நம்பர் குறுக்கேதான் அடிக்கிறாள், வலையோரத் தடுப்பை (பிளாக்) அங்கே போடு.” அவ்வளவு போதும். மற்றதை நோட்டில் எழுதுங்கள். துடிக்கிற கைக்கும் ஒரு வேலை ஆச்சு.

அப்புறம், ஸ்டூல் மேல் நின்று பெண்களுக்குப் பந்து அடித்துக்கொடுக்கலாம், குதிக்கத் தேவையில்லை. முழங்கால் அதற்குத் தாங்குமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.