பெண்கள் குழுவிலிருந்து திருநங்கையை நீக்கினேன், ஆணையத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது

கேள்வி: சிட்னியின் மேற்குப் பகுதியில் இருக்கிறேன். புதிதாக வந்திறங்கும் தமிழ்ப் பெண்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்துகிறேன். வாடகை அறை, வேலை, கார் ஓட்டப் பழக்கும் பெண்கள், நல்ல டாக்டர் என்று எல்லாம் பேசிக்கொள்வோம். மாதம் 8 டாலர் சந்தா. சேருகிறவர்கள் செல்ஃபி அனுப்ப வேண்டும். சில மாதங்களுக்கு முன் சேர்ந்த ஒருவர் திருநங்கை என்பது வீடியோ கூட்டத்தில் குரலைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. சிலர் சங்கடப்பட்டார்கள். "இது பெண்களுக்கான இடம், திருநங்கைகளைச் சேர்ப்பதில்லை" என்று செய்தி அனுப்பிவிட்டு நீக்கினேன். இப்போது மனித உரிமை ஆணையத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. பெண்களுக்கு மட்டும் என்று வைப்பது தப்பா? "கோர்ட்டே நம் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, பயப்படாதே" என்கிறார் லண்டனில் இருக்கும் அக்கா.

பதில்: அக்கா சொல்வது பிரிட்டன் கதை. 2025 ஏப்ரல் 16 அன்று அங்கே உச்ச நீதிமன்றம், அந்த நாட்டின் 2010 சமத்துவச் சட்டத்தில் பெண் என்றால் பிறப்பால் பெண் என்றே பொருள் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது உண்மைதான். ஆனால் அது அவர்கள் சட்டத்துக்குச் சொன்ன பொருள், ஆஸ்திரேலியாவைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருப்பது மத்திய ஆணையம் என்று எடுத்துக்கொண்டு, 1984 பாலினப் பாகுபாட்டுச் சட்டத்தின்படி பதில் சொல்கிறேன். 2013-இல் அதில் பாலின அடையாளமும், அதாவது பிறப்பில் குறித்தது எதுவானாலும் ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ அடையாளப்படுத்திக்கொள்வதும், சேர்க்கப்பட்டது. பொருளோ சேவையோ கொடுப்பவர் அந்தக் காரணத்துக்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது.

நீங்கள் படிக்க வேண்டிய வழக்கு டிக்கிள் எதிர் கிகிள். சால் குரோவர் என்பவர் பெண்களுக்கு மட்டும் என்று 'கிகிள் ஃபார் கேர்ள்ஸ்' என்ற செயலியைத் தொடங்கினார். உங்களைப் போலவே அங்கும் செல்ஃபி கேட்டார்கள். ராக்சேன் டிக்கிள் என்ற திருநங்கை 2021 பிப்ரவரியில் படம் அனுப்ப, மென்பொருள் பார்த்து உள்ளே விட்டது. சில மாதம் கழித்து அதே படத்தை மனிதக் கண் பார்த்தது, ஆண் என்று முடிவு கட்டி நீக்கியது. டிக்கிளின் பிறப்புச் சான்றிதழில் அப்போதே பெண் என்று திருத்தியிருந்தது. ஆணையத்தில் தொடங்கிய விவகாரம் பெடரல் நீதிமன்றம் வரை போனது. 2024 ஆகஸ்ட் 23 அன்று நீதிபதி ராபர்ட் பிரோம்விச் டிக்கிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

அந்தத் தீர்ப்பில் உங்களைத் தொடும் இடம் ஒன்று இருக்கிறது. நேரடிப் பாகுபாடு நிரூபணமாகவில்லை. நீக்கியபோது அவர் திருநங்கை என்று தெரிந்துதான் நீக்கினார்கள் என்பதற்கு ஆதாரம் போதவில்லை. படத்தில் பிறப்பால் பெண் போலத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை திருநங்கைகளைப் பாதிக்கிறது, ஆகவே மறைமுகப் பாகுபாடு என்று தீர்ப்பானது. சரி, இப்போது உங்கள் செய்தியைத் திரும்பப் படியுங்கள். "திருநங்கைகளைச் சேர்ப்பதில்லை." கிகிள் வழக்கில் கிடைக்காத ஆதாரத்தை நீங்களே எழுதி, தேதி நேரத்தோடு அனுப்பி வைத்திருக்கிறீர்கள். உங்கள் நிலை அவர்களுடையதைவிடப் பலவீனம் என்றுதான் சொல்வேன்.

"பெண்களின் முன்னேற்றத்துக்காகத்தானே நடத்துகிறேன்" என்று கேட்பீர்கள். சமத்துவத்துக்கான சிறப்பு ஏற்பாடு என்ற வாதத்தை குரோவர் தரப்பும் வைத்தது. ஆண் பெண் சமத்துவத்துக்காக ஆண்களை விலக்கினால் அந்தப் பிரிவு துணைக்கு வரும், பாலின அடையாளத்தை வைத்து விலக்கினால் வராது என்று நீதிபதி அதை ஒதுக்கினார். பெண்களுக்கு மட்டும் என்று வைப்பது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். வைப்பதில் பிரச்சினையே இல்லை. அந்தப் பெண்களில் யார் உண்டு, யார் இல்லை என்று நீங்கள் போட்ட கோட்டில்தான் பிரச்சினை. இதில் சமூகத்தில் இரண்டு பக்கமும் சூடான கருத்துகள் உண்டு, எனக்கும் ஒன்று உண்டு. நீங்கள் கேட்டது சட்டம் என்பதால் அதை என்னோடு வைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கலாம். அது அந்த 8 டாலரைப் பொறுத்தது. இலாப நோக்கில்லாத தன்னார்வ அமைப்பு யாரை உறுப்பினராகச் சேர்க்கலாம், உறுப்பினருக்கு என்ன வசதி தரலாம் என்பதில் சட்டத்தின் 39-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. பாலின அடையாளமும் அதில் அடங்கும். பதிவு செய்யாத அமைப்பாக இருந்தாலும் பரவாயில்லை. 'கிளப்' இதில் வராது. ஆனால் இந்தச் சட்டத்தில் கிளப் என்றால் குறைந்தது 30 பேர் சேர்ந்து, சொந்த நிதியில் இடம் நடத்தி, அங்கே மதுவும் வழங்கும் சங்கம். உங்கள் குழுவில் அந்தச் சிக்கல் இருக்காது என்று நம்புகிறேன்.

சந்தாப் பணம் எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. இணையதளச் செலவு, ஜூம் கட்டணம், வருடத்துக்கு ஒரு பொங்கல் விழா என்று தீர்ந்துவிடுகிறதா? யாராவது கணக்குப் பார்க்கிறார்களா? அப்படியென்றால் 39-ஆம் பிரிவை வைத்துத் தைரியமாகப் பதில் எழுதலாம். மீதி உங்கள் சொந்தக் கணக்கில் விழுகிறது, மளிகைக் கடை விளம்பரத்துக்கும் பணம் வாங்குகிறீர்கள் என்றால் அது வியாபாரம். கிகிளும் ஒரு கம்பெனிதான். கம்பெனியோடு சேர்த்து குரோவரையும் எதிர்த்தரப்பில் நிறுத்தினார்கள் என்பதை மறக்காதீர்கள். இன்னொன்று, கடிதம் வந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைச் 'சரி' செய்யாதீர்கள். வங்கிப் பதிவு உண்மையைச் சொல்லிவிடும்.

பண விஷயம். டிக்கிள் 2 இலட்சம் டாலர் கேட்டார், 2024 தீர்ப்பில் கிடைத்தது 10,000. ஆனால் எதிர்த்தரப்பு கொடுக்க வேண்டிய வழக்குச் செலவுக்கு உச்சவரம்பே 50,000 டாலர். தங்கள் சொந்த வக்கீல் செலவு தனி. அப்புறம் 2024 அக்டோபர் முதல் விதியும் மாறியிருக்கிறது. முறையீடு செய்தவர் ஜெயித்தால் அவர் செலவை நீங்கள் தர வேண்டும். அவர் தோற்றாலும் பெரும்பாலும் உங்கள் செலவு உங்களுக்குத் திரும்பாது. கிகிள் வழக்கில் இரு தரப்பும் மேல்முறையீடு செய்து, 2025 ஆகஸ்டில் பெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு விசாரித்தது. அந்த மேல்முறையீடு காப்பாற்றும் என்று எண்ணி உங்கள் கடிதத்தைக் கிடப்பில் போட வேண்டாம்.

ஆணையம் தீர்ப்புச் சொல்லும் இடம் அல்ல. உங்கள் விளக்கத்தைக் கேட்கும், பிறகு பெரும்பாலும் சமரசப் பேச்சுக்குக் கூப்பிடும். அங்கே முடியாவிட்டால் ஆணையம் முறையீட்டை முடித்துவைக்கும். அந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அவர் நீதிமன்றம் போகலாம். சமரசத்தில் முடிப்பதுதான் உங்களுக்கு மலிவு. இதுபோன்ற சமரசங்களில் மன்னிப்புக் கடிதம், மீண்டும் சேர்ப்பது, சிறிய தொகை, சேர்க்கை விதியைத் திருத்தி எழுதுவது என்று பல வழிகளில் பேசி முடிக்கலாம். 39-ஆம் பிரிவு பொருந்தும் என்றாலும் பேச்சுக்குப் போங்கள். கையில் நல்ல வாதம் இருப்பவர் பேரத்தில் நிதானமாக உட்காரலாம்.

அதுவரை சில விஷயங்களில் கவனம். செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். அவர் படத்தையோ வீடியோவையோ யாருக்கும் அனுப்பாதீர்கள். நிர்வாகிகள் வாட்ஸ்அப்பில் அவரைப் பற்றிச் சிரிப்புப் பொம்மை போட்டுப் பேசிக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். டிக்கிளைக் கிண்டல் செய்த கேலிச்சித்திரத்தைப் பார்த்து குரோவர் நீதிமன்றத்திலேயே சிரித்தார், அதை நீதிபதி தீர்ப்பில் கண்டித்து எழுதினார். முறையீடு செய்ததற்காக அவரை மிரட்டுவதோ ஊரில் பேர் கெடுப்பதோ தனிக் குற்றம். "அவங்க அம்மாகிட்ட பேசிப் பார்க்கட்டுமா" என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள்.

மின்னஞ்சலில் பதில் தரக் கடைசி நாள் குறிப்பிட்டிருக்கும். போதாது என்றால் அந்த நாளுக்கு முன்பே கூடுதல் அவகாசம் கேட்டு எழுதுங்கள், காரணம் நியாயமாக இருந்தால் கொடுப்பார்கள். குழுவின் விதிகள், ஒரு வருட வங்கிப் பதிவு, நீங்கள் அனுப்பிய அந்தச் செய்தி, இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிச் சமூகச் சட்ட மையத்துக்குப் போங்கள். முதல் ஆலோசனைக்குப் பணம் கேட்க மாட்டார்கள்.