மருத்துவரிடம் கேளுங்கள்: குடிநோயும் சூதாட்டமும்

குடிப்பழக்கம், ஆன்லைன் ரம்மி, மறுவாழ்வு மையங்கள் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் மனநல மருத்துவர் பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

என் கணவருக்கு 44 வயது. தினமும் குவார்ட்டர் இல்லாமல் தூக்கம் வராது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் சண்டைக்கு வருகிறார். பக்கத்து ஊரில் ஒருவர், சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் பத்தே நாளில் குடியை வெறுத்துவிடுவார் என்று ஒரு பொடி விற்கிறார். ருசியே தெரியாதாம். கொடுக்கலாமா? – வாசகி, தேனி மாவட்டம்

தயவுசெய்து கொடுக்காதீர்கள். இப்படி விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். டைசல்ஃபிரம் என்ற மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பார்களோ என்பதுதான் எங்களுடைய முதல் அச்சம். நாம் குடிக்கும் மதுவை உடல் இரண்டு கட்டங்களாகச் சிதைக்கிறது. முதல் கட்டத்தில் அசெட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் உண்டாகிறது. இரண்டாம் கட்டத்தில் கல்லீரலில் உள்ள ஒரு நொதி அந்த நச்சை முறித்துவிடுகிறது. டைசல்ஃபிரம் அந்த நொதியை முடக்கிவிடும். இந்த மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும். இதயநோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு தங்கியிருக்கும். மதியம் சாம்பாரில் கலந்ததை அறியாத மனிதர் சாயங்காலம் வழக்கம்போலக் கடைக்குப் போவார். தனக்கு என்ன நேர்கிறது என்று அவருக்கும் தெரியாது. அவரைத் தூக்கிக்கொண்டு போகும் ஆஸ்பத்திரியில் உள்ள டாக்டருக்கும் தெரியாது.

1940-களில் டென்மார்க்கில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மருந்தைக் குடற்புழுவுக்காக ஆராய்ந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்த நாட்களில் மது அருந்தியபோது உடல் படாதபாடு பட்டதைக் கவனித்து, அதைக் குடிநோய்ச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. தாம் எடுப்பது டைசல்ஃபிரம்தான் என்று நோயாளிக்குத் தெரிந்திருந்த ஆய்வுகளில் மருந்து நல்ல பலன் தந்தது. யாருக்கு எந்த மாத்திரை என்று சொல்லாமல் நடத்திய ஆய்வுகளிலோ, அது வெற்று மாத்திரையைக் காட்டிலும் மேலானதாக இல்லை. ‘இன்று மாத்திரை போட்டிருக்கிறேன், குடித்தால் தாங்காது’ என்ற நினைப்புதான் அந்த மனிதரைக் கடைவாசலில் தடுத்து நிறுத்துகிறது. மறைத்துக் கொடுக்கும்போது அந்த நினைப்புக்கு இடமே இல்லாமல் போய், ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது. மும்பையில் 100 ஆண்களிடம் ஓராண்டு நடத்தப்பட்டு 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி சம்மதித்து, வீட்டார் கண்முன் டைசல்ஃபிரம் எடுத்துக்கொண்ட குழுவில் 86 சதவீதம் பேர் மீண்டும் குடிக்கு விழாமல் இருந்தார்கள். குடி ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தை எடுத்தவர்களில் இது 44 சதவீதம். வீட்டாரின் பங்கும் சேரும்போது இந்த மருந்து எவ்வளவு உதவும் என்பதை இது காட்டுகிறது. ஆனால் அந்தப் பங்கு ஒளிவுமறைவற்றதாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்த முயலாதீர்கள். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இடம், ஆள் தெரியாமல் பிதற்றும் நிலையும் வரலாம். இது மருத்துவமனையில் தையமின் (வைட்டமின் பி1) ஊசியும் தகுந்த மாத்திரைகளும் கொடுத்துக் கடக்க வேண்டிய கட்டம்.

அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 14446 என்ற கட்டணமில்லாப் போதை மீட்பு உதவி எண்ணிலோ பேசலாம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதிகபட்சம் நான்கு அமர்வுகள் ஆலோசனை தரச் செய்தார்கள். அளவுக்கு மீறிக் குடித்துவந்த 377 ஆண்கள் அதில் கலந்துகொண்டார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு விசாரித்தபோது, முந்தைய இரண்டு வாரங்களில் ஒரு சொட்டும் குடிக்காதவர்கள் ஆலோசனை பெற்ற குழுவில் 42 சதவீதம், அந்த ஆலோசனை பெறாத மற்றக் குழுவில் 18 சதவீதம். அவர்கள் உங்கள் கணவர் அளவுக்கு மதுவுக்கு அடிமையாகாதவர்கள் என்பதால் அதே பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் வாதாடாமல், குறை சொல்லாமல் நடத்தப்படும் உரையாடலுக்கு இவ்வளவு பலன் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் அண்ணனை மறுவாழ்வு மையத்தில் 45 நாள் வைத்திருந்தோம். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் மறுபடியும் குடித்துவிட்டார். இனிமேல் செலவு செய்து பயனில்லை என்கிறார் அப்பா. – வாசகி, விழுப்புரம்

உங்கள் அப்பாவின் மனவேதனை புரிகிறது. ஆனால் அவர் எடுத்திருக்கும் முடிவு சரியானதாக எனக்குப் படவில்லை. போதை நோய்களில் சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள் என்றும், இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றிலும் நோய் திரும்பும் அளவு ஏறக்குறைய இதே போன்றதுதான் என்றும் 2000-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஒரு கட்டுரை எடுத்துக்காட்டியது. பிரஷர் மாத்திரையை நிறுத்தியதும் அழுத்தம் ஏறினால், மாத்திரை பயனற்றது என்று நாம் சொல்வதில்லை. தொடர வேண்டும் என்கிறோம். குடிநோயில் மட்டும் ஒருமுறை சேர்த்தால் முழுக்கக் குணமாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பல மையங்களும் அந்த எதிர்பார்ப்பை வைத்தே பணம் வாங்குகின்றன.

உங்கள் கடிதத்தில் மையத்திலிருந்து வந்த பிறகு அண்ணன் எந்த மருந்து எடுத்தார், யாரைப் பார்த்தார் என்ற செய்தியே இல்லை. அநேகமாக எதுவும் இருந்திருக்காது என்று ஊகிக்கிறேன். குடியின் மீதான ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்ற மருந்துகள் இருக்கின்றன. 118 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியான அறிக்கையின்படி, அகாம்ப்ரோசேட்டை 11 பேருக்குக் கொடுத்தால் மருந்து இல்லாவிட்டால் குடிக்கத் திரும்பியிருக்கக்கூடிய ஒருவர் திரும்பாமல் இருக்கிறார். நால்ட்ரெக்ஸோனை 11 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் மிதமிஞ்சிய குடியிலிருந்து தப்புகிறார். கேட்பதற்குச் சிறிய பலனாகத் தோன்றலாம். நாம் தயங்காமல் விழுங்கும் பல மாத்திரைகளின் பலன் இதற்கும் கீழே என்பதை ஒரு மருத்துவனாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1,383 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், நால்ட்ரெக்ஸோனோடு மருத்துவரையோ செவிலியரையோ தவறாமல் பார்த்து வந்தவர்கள், தனிச் சிறப்பு ஆலோசனை பெற்றவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். அதே ஆய்வில் அகாம்ப்ரோசேட் பலன் காட்டவில்லை. எந்த மருந்து யாருக்குப் பொருந்தும் என்பதைக் கல்லீரல் பரிசோதனை, சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துத்தான் மருத்துவர் தீர்மானிப்பார்.

ஆகவே அடுத்த முறை 45 நாளுக்குக் கட்டும் பணத்தை யோசிப்பதற்கு முன், அடுத்த ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை வெளிநோயாளியாக யாரிடம் போவது என்பதை முடிவு செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இது செலவில்லாமல் நடக்கும். குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்கும் கட்டணம் கிடையாது. மீண்டும் ஒரு மையத்தில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் அது அரசிடம் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி குற்றம். வீட்டாரைப் பார்க்க விடாத இடத்தில் ஒரு நாளும் விட்டுவைக்காதீர்கள்.

என் மகனுக்கு 24 வயது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து, லோன் ஆப்களில் கடன் வாங்கியிருக்கிறான். இரண்டு தடவை நான்தான் அடைத்தேன். இப்போது மறுபடியும் கடன். இதற்கு மாத்திரை உண்டா? – வாசகர், ஈரோடு

சூதாட்ட நோய்க்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்த மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. நால்ட்ரெக்ஸோன், அதே வகையைச் சேர்ந்த நால்மெஃபீன் ஆகியவற்றை வைத்துச் சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2006-ல் 207 பேரிடம் நடத்தப்பட்ட நால்மெஃபீன் ஆய்வு ஓரளவு நம்பிக்கை தந்தது. சில நோயாளிகளுக்கு நாங்கள் நால்ட்ரெக்ஸோனைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆனால் உறுதியான சான்று பேச்சுவழிச் சிகிச்சைக்குத்தான் இருக்கிறது.

அமெரிக்க மனநலச் சங்கம் 1980-ல் சூதாட்ட நோயை முதன்முதலாகத் தன் வகைப்பாட்டில் சேர்த்தபோது, அதை மனவேகத்தை அடக்க முடியாத கோளாறுகளின் பட்டியலில் வைத்தது. 2013-ல் அதை எடுத்து மது, போதைப்பொருள் நோய்களோடு ஒரே பகுப்பில் வைத்தார்கள். உடலுக்குள் எந்தப் பொருளும் போகாமலேயே இன்பத்தை உணர்த்தி மீண்டும் நாடத் தூண்டும் மூளையின் அதே வெகுமதிப் பாதை சிக்கிக்கொள்கிறது என்று ஆய்வுகள் காட்டியதே காரணம். கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சூதாட்ட இயந்திரத்தில் மயிரிழையில் தவறிய ஆட்டம், தோல்விதான் என்றாலும், வெற்றியின்போது விழிக்கும் மூளைப் பகுதிகளையே எழுப்பியது. மறுபடி ஆட வேண்டும் என்ற ஆசையையும் கூட்டியது. ‘ஒரே ஒரு சீட்டு வந்திருந்தால் டிக்ளேர் பண்ணியிருப்பேன்’ என்று உங்கள் மகன் சொல்லியிருந்தால் அது இதுதான்.

பேச்சுவழிச் சிகிச்சை என்பது புத்திமதி சொல்வது என்று நினைத்துவிடாதீர்கள். எந்த நேரத்தில், எந்த மனநிலையில், கையில் எவ்வளவு பணம் இருக்கும்போது கை செல்போனைத் தேடுகிறது என்று எழுதிப் பார்க்கச் சொல்வார்கள். ‘விட்டதைப் பிடித்துவிடுவேன்’ என்ற எண்ணத்தைக் கணக்குப் போட்டு உடைப்பார்கள். அந்த வேளைக்கு வேறு வேலையைத் திட்டமிடச் செய்வார்கள். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் நான்சி பெட்ரி 231 பேரிடம் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், எட்டு அமர்வுகள் இத்தகைய சிகிச்சை பெற்றவர்கள், சக சூதாட்டக்காரர்களின் உதவிக் கூட்டங்களுக்கு மட்டும் அனுப்பப்பட்டவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். கடனை அடைக்க மற்றவர்களை நம்பியிருப்பது இந்த நோயின் ஒன்பது அறிகுறிகளில் ஒன்று; ஓராண்டுக்குள் நான்கு இருந்தால் நோய் என்று கணிப்போம். யாருக்கும் தெரியாமல் நீங்கள் மொத்தமாக அடைக்கும்போது, அவனுடைய கையில் மறுபடி கடன் வாங்கும் தகுதியையும் கொடுத்துவிடுகிறீர்கள். மூன்றாவது முறை அடைப்பதற்கு முன் எல்லாக் கடனையும் ஒரே தாளில் அவனை எழுதச் சொல்லுங்கள். சம்பளக் கணக்கு, யூபிஐ, ஏடிஎம் அட்டை ஆகியவை சில காலம் அவனுடைய சம்மதத்தோடு உங்களிடமோ அவனுடைய அம்மாவிடமோ இருக்கட்டும். மாதத் தவணையை அவனுடைய சம்பளத்திலிருந்தே கட்டச் சொல்லுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது என்றாலும், கள்ளத்தனமான தளங்கள் இருக்கும்வரை சட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. டாக்டரிடம் சொன்னால் போலீஸ் வரும் என்று அவன் பயந்தால், நோயாளி சொல்வதை இரகசியமாகக் காக்க நாங்கள் சட்டப்படி கடமைப்பட்டவர்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்றைத் தட்டிக்கழிக்காமல் செய்யுங்கள். லோன் ஆப் ஆட்கள் மிரட்டும் நிலையில் இருக்கும் இளைஞனிடம், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

வெளிநாடுகளில் போதைப்பொருள் எடுக்காமல் இருந்தால் பரிசு தருகிறார்களாமே, உண்மையா? – வாசகர், சென்னை

உண்மைதான். 1990-களின் தொடக்கத்தில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ், சிறுநீர்ப் பரிசோதனையில் கோகேன் இல்லாதவர்களுக்குப் பொருள் வாங்கும் கூப்பன் கொடுத்துச் சிகிச்சை செய்தார். கோகேனுக்கு ஏற்ற மருந்து இல்லாத நிலையில் இன்றும் அதற்கு மிக வலுவான சான்றுள்ள முறை இதுவே. செலவைக் குறைக்க, கூப்பனுக்குப் பதில் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுக்கும் குலுக்கலைக் கொண்டுவந்தவர் மேலே சொன்ன நான்சி பெட்ரி. குலுக்கல் என்றால் சூதாட்டப் பழக்கம் வந்துவிடாதா என்ற கேள்வியை அவரே ஆராய்ந்து, அப்படிக் கூடவில்லை என்று காட்டினார். நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் சிறிய அளவிலாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

என் அப்பாவுக்கு 67 வயது, பார்க்கின்சன் நோய்க்குப் பிரமிபெக்ஸோல் சாப்பிடுகிறார். வாழ்நாளில் சீட்டு தொடாதவர், ஆறு மாதமாக வாளையாறு போய்க் கட்டுக்கட்டாகக் கேரள லாட்டரி வாங்குகிறார். கேட்டால் கோபம் வருகிறது. – வாசகர், கோயம்புத்தூர்

அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மாத்திரையின் பக்க விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் ஆகியவை டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையைச் செய்பவை. நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கும்போதே சிலருக்கு மூளையின் வெகுமதிப் பகுதியையும் தூண்டிவிடுகின்றன. பார்க்கின்சன் நோயாளிகள் 3,090 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில் 5 சதவீதம் பேருக்குச் சூதாட்டச் சிக்கல் இருந்தது. அடக்க முடியாமல் பொருள் வாங்குவது, உண்பது, பாலுறவு நாட்டம் கூடுவது ஆகியவற்றையும் சேர்த்தால் 13.6 சதவீதம். இவற்றையும் அவரிடம் கூச்சப்படாமல் விசாரியுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடல் இறுகிப்போவதோடு பதற்றமும் சோர்வும் கடுமையாக வரும். லாட்டரிக்குச் செலவான தொகையையும், அது தொடங்கிய மாதத்தையும், அதற்குச் சற்று முன் மாத்திரையின் அளவு கூட்டப்பட்டதா என்பதையும் குறித்துக்கொண்டு இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அளவைப் படிப்படியாகக் குறைத்தாலோ வேறு மருந்துக்கு மாற்றினாலோ பெரும்பாலானோருக்கு இந்த நாட்டம் அடங்கிவிடுகிறது.